மேனேஜரின் தண்ணீர்

பொது நீச்சல் குளத்தில் இருபத்து நான்கு வருஷமாக வேலை பார்க்கிற மனுஷனுக்கு நீச்சல் தெரியாது. கேள்விப்படுகிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் வேலை குளத்தில் இல்லை. குளத்துக்குக் கீழே, ஏழு படி இறங்கினால் வருகிற ஃபில்டர் அறையில். ஆள் உயரத்துக்கு மூன்று மணல் தொட்டிகள், இரண்டு மோட்டார், ஒரு மேசை, மேசைமேல் ஒரு நோட்டு. காலையில் வந்ததும் சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, என்ன நிறம் வருகிறது என்று பார்த்து எழுதுவார். பிறகு மேலே வந்து ஆழமான பக்கத்தில் நின்று, அடியில் இருக்கிற கறுப்புக் கோடு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் நோட்டில் ‘தெளிவு’ என்று எழுதுவார். அது தெரியாமல் போன நாள் ஒன்றுகூட இல்லை.

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போடும்போது அவரே அதைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்வார். மற்ற நாளெல்லாம் அவர் ‘குளோரின்’தான். சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் போகாத வாசனை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு நிறுத்தம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார். இத்தனைக்கும் அந்த வாசனையோடு குடித்தனம் நடத்துகிற அவர் வீட்டுக்காரியின் மூக்கு சாதாரண மூக்கு இல்லை. பால் திரிவதற்கு முந்தின நாளே சொல்லிவிடுவாள். எதிர் வீட்டில் அடுப்பில் என்ன தீய்கிறது என்று, அடுப்படியில் நிற்கிற எதிர் வீட்டுக்காரிக்கு முன்னால் இவளுக்குத் தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் குளோரினுக்கு ஒரே ஒரு கொள்கை. தண்ணீரில் எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது. குளிக்க வருகிறவர்களை மட்டும் வேறு வழியில்லாமல் விட்டுவைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஓர் ஆமை வந்து சேர்ந்தது.

அது தானாக வரவில்லை. அக்காவோடு வந்தது. அக்காவின் புருஷன் காலமாகி மூன்று மாதம் கழித்து, அவள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு குட்டி வேனில் வந்து இறங்கினாள். ஒரு பெட்டி, இரண்டு பை. அதோடு மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று, தட்டையான கல் ஒன்று, ஒரு பல்பு, குழாய் செருகிய மூடி போட்ட வாளி ஒன்று. கடைசியாக, ஈரத்துண்டு போர்த்திய பேசினில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் ஆமை.

ஆமையின் பெயர் மேனேஜர். அத்தான் வேலை பார்த்த பார்சல் ஆபீஸின் மேனேஜரை நினைத்து வைத்தது. ஒரு வேலையும் செய்யாது, கழுத்தை நீட்டி எல்லாரையும் பார்க்கும், சாப்பாட்டு நேரத்தை மட்டும் தவறவிடாது. முன்பு இரண்டு இருந்தன. இன்னொன்றின் பெயர் கேஷியர்.

“இன்னொண்ணு எங்கக்கா?” என்று குளோரின் கேட்டார்.

“செத்துப்போச்சு” என்றாள் அக்கா. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அக்கா பஸ் நிலையத்தில் விசாரணை கவுன்ட்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள். கேட்டதற்குப் பதில் உண்டு. கேட்காததற்கு ஒரு வார்த்தை கிடையாது. சேலத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் மணியைச் சொல்வாள். அந்த பஸ் இன்றைக்கு ஓடாது என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று குளோரின் அடிக்கடி கேலி செய்வார். ஊர் பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

குளோரினுக்கும் அத்தானுக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லாமல் இருந்தது. காரணம் இதுதான். ஒரு தடவை அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கப் போனவர், அவர்கள் இருவரும் வெளியே போயிருந்த நேரம், ஆமைத் தொட்டி ஃபில்டரில் பழுப்பாக வழவழவென்று ஏதோ படிந்திருப்பதைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. கையோடு எப்போதும் வைத்திருக்கிற குளோரின் பொடியைக் கரைத்து, ஸ்பாஞ்சை எல்லாம் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கி வைத்துவிட்டு ஊருக்கு வந்தார். நாலாம் நாள் அத்தான் போன் செய்தார். “இனிமே என் வீட்டுல எதையும் தொடாதே” என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்தவன் வீட்டு அழுக்கை முகம் சுளிக்காமல் கழுவிக் கொடுத்தவனுக்குக் கிடைத்த மரியாதை இது. ரோஷமுள்ள எவன் மறுபடி பேசுவான்? அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட இவர் போகவில்லை. கடைசிக் காரியத்துக்குப் போனார், வாசலோரம் நின்றார், வந்துவிட்டார்.

ஆனால் அக்கா அக்காதான். கல்யாணமாகிப் போன மகளின் அறையை ஒழித்துக் கொடுத்தார். தொட்டியை ஹாலில் வைத்தார். அக்கா குளித்துவிட்டு வருவதற்குள், வேனில் வந்த அத்தானின் பழைய ஃபில்டர் வாளியைத் திறந்து பார்த்தார். உள்ளே பழுப்பு, வழவழப்பு, மட்கிய ஸ்பாஞ்ச். ஒன்பது வருஷத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார்.

குளித்துவிட்டு வந்த அக்கா, வாளி இருந்த இடத்தைப் பார்த்தாள். “தூக்கிப் போட்டுட்டியா?” என்றாள்.

“கவலைப்படாதேக்கா. தண்ணியை நான் பாத்துக்கறேன்” என்றார் குளோரின்.

அதில் ஆரம்பித்தது.

முதலில் மீன் கடைக்குப் போய், தொட்டி விளிம்பில் மாட்டுகிற ஃபில்டர் ஒன்றை வாங்கி வந்தார். “அம்பது மீனுக்குத் தாங்கும் சார்” என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். மீன் தொட்டியில் தண்ணீர் விளிம்புவரை நிற்கும். ஆமைத் தொட்டியில் பாதிதான் நிற்கும், மீதி ஆமை வெளியே ஏறி ஓடாமல் இருக்க. ஃபில்டரின் குழாய் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காற்றைக் குடித்துக்கொண்டு நின்றது. குளோரின் வாஷிங் மெஷின் குழாயை வெட்டிச் செருகி நீட்டினார். இப்போது தண்ணீர் ஏறியது. ஏறியது அவ்வளவு உயரத்திலிருந்து தொபதொபவென்று விழுந்தது. ஹாலில்தான் வீட்டுக்காரியின் தையல் மெஷின். துணி அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில், “பாத்ரூம் எங்கேங்க இருக்கு?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அடுத்தது, தண்ணீருக்குள்ளேயே ரப்பர் கிண்ணங்களால் கண்ணாடியில் ஒட்டி நிற்கிற ஃபில்டர். மேனேஜர் முதல் நாள் அதைக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. இரண்டாம் நாள் நாலு ரப்பர் கிண்ணத்தையும் கடித்துத் துப்பியது. குளோரின் ஃபில்டரைப் படுக்கப் போட்டுக் கல்லோடு சேர்த்துக் கட்டினார். மேனேஜர் அதன் மேலே ஏறிப் படுத்துக்கொண்டது. ஐம்பது மீன் ஒரு மாதத்தில் போடுவதை ஓர் ஆமை ஒரே வாரத்தில் போடும் என்று கடைக்காரர் சொல்லவில்லை. கடைக்காரருக்கு ஆமையைப் பற்றித் தெரியாது, அவரை நொந்து என்ன பயன். அந்தச் சின்ன ஃபில்டர் இரண்டே நாளில் மூச்சு முட்டி நின்றது.

மூன்றாவதைக் குளோரினே செய்தார். பெயின்ட் வந்த இருபது லிட்டர் வாளி, இறுக்கமான மூடி. மீன் தொட்டி மோட்டார் தண்ணீரை இழுத்து வாளியின் அடியில் விடும். கீழே கெட்டி ஸ்பாஞ்ச், அதன் மேலே மெல்லிய ஸ்பாஞ்ச், அதற்கு மேலே பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்டிக் நார் முப்பது, எல்லாவற்றுக்கும் மேலே தலையணைப் பஞ்சு. எல்லாம் தாண்டி மேலே வருகிற தண்ணீர், ஓட்டை போட்ட குழாய் வழியாகச் சத்தமில்லாமல் தொட்டியில் பரவும். பார்க்க நீச்சல் குளத்து மணல் தொட்டியின் பேரப்பிள்ளை மாதிரி இருந்தது. பெருமை பிடிபடவில்லை மனுஷனுக்கு. மத்தியானச் சாப்பாட்டின்போது உடன் வேலை செய்கிறவர்களிடம் படம் வரைந்து காட்டினார்.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வாளியைத் திறப்பார். ஸ்பாஞ்சை எடுத்துக் குழாயடியில் பிழிவார். பழுப்பாக ஏதாவது இருந்தால் குளோரின் கரைத்த தண்ணீரில் முக்கித் தேய்ப்பார். வெள்ளை வெளேர் என்று வந்த பிறகுதான் சாப்பாடு.

“ரொம்பக் கழுவாதேடா” என்று அக்கா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

“அக்கா, எனக்கே தண்ணியைப் பத்திச் சொல்றியா?” என்றார் இரண்டு தடவையும். மூன்றாம் தடவை அவள் சொல்லவில்லை.

கழுவிய மறுநாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டாம் நாள் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகும். மூன்றாம் நாள் நாறும். அதுவும் சும்மா நாறாது. பூட்டிக் கிடந்த வீட்டில் முட்டை உடைந்த மாதிரி நாறும். குளோரின் இன்னும் அழுத்தித் தேய்த்தார். அது இன்னும் சீக்கிரம் நாறியது.

பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, வீட்டுக்காரியிடம் பதினொரு வருஷமாகத் தைக்கிறவள், அளவு கொடுக்க வந்து நின்று, இஞ்ச் டேப் இடுப்பைச் சுற்றி வருவதற்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அப்புறம் வரேன்” என்று போய்விட்டாள். அப்புறம் வரவில்லை. அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வரவில்லை. வீட்டுக்காரி வாயைத் திறந்தாள்.

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க.”

“அமீனா வந்தா சாமானைத் தூக்கிட்டுப் போவான்” என்றாள் அக்கா. “இது வந்த இடத்துலயே உக்காந்திருக்கு.”

“அதுதான் அண்ணி கஷ்டமே” என்றாள் வீட்டுக்காரி. பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். “எனக்கு அண்ணி மேல ஒண்ணும் இல்லைங்க. ஆமை மேலயும் ஒண்ணும் இல்லை. வாடை மேலதான். இதுதான் என் கடை. அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அன்னைக்கு இங்க நின்னு மோந்து பாப்பேன். வாடை வந்துச்சுன்னா ஆமை இருக்கக் கூடாது.”

நியாயமான பேச்சு. அதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. அக்காவும் சொல்லவில்லை.

“ஆமை போனா நானும் போறேம்மா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்கிற குரலில் சொன்னாள். “லேடீஸ் ஹாஸ்டல்ல கேட்டு வச்சிருக்கேன். ஒரு ரூமுக்கு மூணு பேர். பின்பக்கம் ஒரு தண்ணித் தொட்டி இருக்காம், ஆமையை அதுல விட்டுக்கலாம்னு வார்டன் சொன்னாங்க.”

குளோரினுக்கு அது பொறுக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், கூடப்பிறந்த தம்பி ஒருத்தன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது, அக்கா முன்பின் தெரியாத இரண்டு பேரோடு ஒரு அறையில் கட்டில் போட்டுக் கிடப்பதா? அத்தான் சாகும்போது போகவில்லை. இப்போது இவளையும் அனுப்பிவிட்டால் அப்புறம் தம்பி என்று தான் ஒருத்தன் எதற்கு? அன்று சாயங்காலம் அவர் ஸ்பாஞ்சை இரண்டு தடவை கழுவினார்.

அடுத்த மாதம் பிறந்து ஏழெட்டு நாள் போயிருக்கும். குளத்தில் மோட்டார் மாற்றுகிற வேலை என்று மத்தியானமே எல்லாரையும் விட்டுவிட்டார்கள். குளோரின் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவ பாத்ரூமுக்குப் போனார்.

“பாத்துப் போங்க” என்றாள் வீட்டுக்காரி, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். “உள்ள மேனேஜர் இருக்காரு.”

இருந்தது. துணி ஊறவைக்கிற பெரிய டப்பில், பாதித் தண்ணீரில், கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தது. இரண்டு கண் இமையும் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தன. ஹாலில் தொட்டி ஆமை இல்லாமல் காலியாக இருக்க, அவர் செய்த வாளி மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

“அக்கா, இது இங்க என்ன பண்ணுது?”

அக்கா அறையிலிருந்து வந்தாள். “பகல்ல இங்கதான் இருக்கு. நீ வர்ற நேரத்துக்குத் தூக்கித் தொட்டியில விடுவேன்.”

“எத்தனை நாளா?”

“ஒரு மாசமா.”

“ஏன்?”

“கண்ணு வீங்குது.”

“எதனால வீங்குது?”

“நீ கழுவுறதனால.”

குளோரின் வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஒரு பட்டனை மிகவும் கவனமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். டப்பில் தண்ணீர் பிடித்து, குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரின் போக ஒரு நாள் வைத்து ஆறவிடுவது அவள் வேலை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

சண்டை போடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்தார். குளத்தில் மருந்து கொஞ்சம் தூக்கலாகிப் போன நாளில், கரையேறுகிற குழந்தைகளின் கண் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாததில்லை. ஒன்பது வருஷமாக வாயில் வராத ஒரு வார்த்தை வந்தது.

“அத்தான் எப்படிக் கழுவுவாரு?”

“கழுவ மாட்டாரு” என்றாள் அக்கா.

“கழுவவே மாட்டாரா?”

“தண்ணி வர்றது குறைஞ்சா, தொட்டித் தண்ணியையே ஒரு பேசின்ல எடுத்து, அதுல ரெண்டு அலசு அலசுவாரு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. பாதி ஸ்பாஞ்சைத்தான். மீதி பாதியைத் தொட மாட்டாரு.”

“அந்தப் பழுப்பு?”

“அதுதான் ஸ்டாஃப்” என்றாள் அக்கா. “அவர் அப்படித்தான் சொல்வாரு. அந்த வழவழப்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாம கோடிப் பேர் உக்காந்திருக்காங்களாம். மேனேஜர் போடுற அசிங்கத்தை எல்லாம் அவங்கதான் கரைக்கிறாங்களாம். ஆள் சேந்து, வேலை பழக ஒரு மாசத்துக்கு மேல ஆகுமாம். நீ தினமும் சாயங்காலம் வந்து மொத்த ஸ்டாஃபையும் வேலையை விட்டு அனுப்பிட்டு, மறுநாள் ஆபீஸ் ஏன் நடக்கலைன்னு கேக்கறே.”

அக்கா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. ஏழு படிக்குக் கீழே உட்கார்ந்து இருபத்து நான்கு வருஷமாக அவர் செய்ததெல்லாம் அந்தக் கோடிப் பேரைக் கொல்வதுதான். குளத்துக்கு அது சரி. அங்கே யாரும் தண்ணீரிலேயே குடியிருக்கவில்லை, தண்ணீரிலேயே சாப்பிட்டு அதிலேயே மற்றதையும் செய்வதில்லை. செய்தாலும் ஒத்துக்கொள்வதில்லை.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்று தோன்றியது. தோன்றாமல் இருந்திருக்கலாம்.

“அக்கா. கேஷியர் எப்ப செத்துச்சு?”

“நீ வந்துட்டுப் போன மூணாம் நாள்.”

ஹாலில் வீட்டுக்காரியின் ஊசி பட்டனிலேயே நின்றது.

“ஏன் சொல்லலை?”

“அவர்தான் சொல்ல வேண்டாம்னாரு. தெரியாம பண்ணிட்டான், தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவான், திட்டினதோட போகட்டும்னாரு. நீ இவ்வளவு நாள் பேசாம இருப்பேன்னு அவர் நினைக்கலை.”

குளோரினுக்குக் கண் எரிந்தது. வேலை இடத்தில் கண் எரிவது சகஜம் என்பதால் அது என்னவென்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பாத்ரூம் வாசலிலேயே, ஈரத் தரையில், உட்கார்ந்துவிட்டார். தலைக்கனத்தால் ஒரு நல்ல மனுஷனை ஒன்பது வருஷம் இழந்துவிட்டோமே என்று ஐம்பத்து மூன்று வயதுக்காரர் விக்கி விக்கி அழுதார். மேனேஜர் கழுத்தை நீட்டிப் பார்த்தது, வீங்கிய கண்ணோடு.

“அப்புறம் ஏன்க்கா என்கிட்ட வந்தே?” என்று கேட்டார், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “நம்ம தங்கச்சி, சின்னவ வீட்டுக்குப் போயிருக்கலாமே.”

“சின்னவ, ஆமையை ஏரியில விட்டுட்டு வான்னா” என்றாள் அக்கா. “நீ விடச் சொல்ல மாட்டே. கழுவத்தான் செய்வே. கழுவுறவனை நிறுத்திக்கலாம்னு வந்தேன்.”

மறுநாள் அவர் மீன் கடைக்குப் போனார்.

“உங்க தொட்டி ஃபில்டர்ல இருக்கற பழைய ஸ்பாஞ்ச் ஒண்ணு வேணும்.”

“புதுசே இருக்கு சார்.”

“புதுசு வேண்டாம். இருக்கறதுலேயே அழுக்கானது வேணும். நல்லா பழுப்பா, வழவழன்னு.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இதே மனுஷன்தான் போன மாதம் இரண்டு ஃபில்டரைத் திருப்பிக் கொண்டுவந்து, அழுக்குப் பிடிக்கிறது என்று சண்டை போட்டவர். பின்னால் போய், பெரிய தொட்டியிலிருந்து ஒன்றை உருவி, கவரில் போட்டுக் கொடுத்தார். குளோரின் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அன்று பக்கத்து சீட்டுக்காரர் ஒரே நிறுத்தத்தில் எழுந்து போனார்.

அதைப் பெயின்ட் வாளியில் நடு அடுக்கில் வைத்தார். மூடியை மூடினார். பிடித்து ஒரு நாள் ஆறவைத்த தண்ணீரால் தொட்டியை நிரப்பினார். மேனேஜருக்குக் கால்நடை டாக்டர் கொடுத்த கண் மருந்தை அக்கா விட்டாள். அதன் பிறகு குளோரின் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கை பரபரக்கும். வாளி முன்னால் ஒரு ஸ்டூல் போட்டுக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். முதல் வாரம் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. “தொடாதே” என்றாள் அக்கா. தொடவில்லை. ராத்திரி சாப்பாடு வரைக்கும் தெருவில் நடந்துவிட்டு வந்தார். இரண்டாம் வாரம் வெண்மை கலைந்தது. வாடை குறைந்தது. மேனேஜரின் இமை ஒன்று திறந்தது, அப்புறம் இன்னொன்று. மூன்றாம் வாரம் தண்ணீர் லேசான டீ நிறத்தில், கல்லின் வரிகள் தெரிகிற மாதிரி நின்றது. கிட்டே போய் முகர்ந்தால் மழை பெய்த மண் மாதிரி ஏதோ வந்தது, அவ்வளவுதான்.

அக்கா மட்டும் பெட்டியைக் கட்டி, பெல்ட்டைப் பூட்டி, வாசல் பக்கம் வைத்திருந்தாள். “எதுக்கும் இருக்கட்டும்” என்றாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டுக்காரி காலையிலேயே பட்டனும் ஜிப்பும் வாங்கக் கிளம்பினாள். மத்தியானம் அந்த டீச்சர் வருகிறாளாம், இவளே போன் செய்து கெஞ்சி வரச்சொல்லியிருக்கிறாள். “பதினோரு மணிக்கு வந்து பாப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் கரண்ட் போனது.

ஏழு மணிக்குப் போனது பத்தரைக்கு வந்தது. மூன்றரை மணி நேரம் வாளி மூச்சு விடாமல் அடைந்து கிடந்தது. மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்ததும், உள்ளே தேங்கிக் கிடந்த தண்ணீர் பொத்துக்கொண்டு தொட்டியில் விழுந்தது. கூடவே வாடையும். பழைய அளவுக்கு இல்லை. ஆனால் மூக்கு என்று ஒன்று இருக்கிற யாருக்கும் தெரியும். அவளுக்குத் தெருமுனையிலேயே தெரியும்.

குளோரின் கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் இருந்தது. அரை மணி நேரம் அவருக்குத் தாராளம். வாளியைக் காலி செய்து, ஸ்பாஞ்சைக் குளோரினில் முக்கித் தேய்த்து, தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றிவிட்டால், பதினொரு மணிக்கு அந்த ஹாலில் ஒரு வாடையும் இருக்காது. சோதனையில் ஜெயித்துவிடலாம். அக்கா பெட்டியை உள்ளே எடுத்துப் போய்விடுவாள். நாளையோ மறுநாளோ அந்தக் கண் மறுபடி வீங்கும், இந்தத் தடவை திறக்குமா என்று தெரியாது. ஆனால் அது நாளை.

அலமாரி மேலிருந்து குளோரின் டப்பாவை எடுத்தார். வாளி முன்னால் குந்தி உட்கார்ந்து, மூடியின் கொக்கியைத் தளர்த்தினார். அக்கா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. பிறகு கொக்கியை மறுபடி இறுக்கினார். எழுந்து போய் டப்பாவை அலமாரி மேல், கைக்கு எட்டாத மூலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்பினார். வாசலில் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். கையில் பை. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

அவள் பையை மெஷின் மேல் வைத்தாள். தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். இடுப்பில் கையை ஊன்றிக் குனிந்து, கண்ணை மூடி, நன்றாக இழுத்து மூச்சு விட்டாள். மேனேஜர் கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தது.

“ஒண்ணும் வரலை” என்றாள்.

குளோரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நல்லா பாரு. கரண்ட் போயிருந்துச்சு. லேசா வருது.”

“எனக்கு வரலைங்கறேன்.”

“எனக்கே வருதே, உனக்கு எப்படி—”

“என் மூக்கா, உங்க மூக்கா? மோந்து பாக்கறேன்னு சொன்னது நானா, நீங்களா?”

அக்கா அறை வாசலிலிருந்து மெல்ல மூக்கை உறிஞ்சினாள். “எனக்கும் ஒண்ணும் தெரியலைம்மா” என்றாள். யாரும் கேட்காமல் அவள் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது.

குளோரின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு தடவை மூச்சை இழுத்தார். நன்றாகவே வந்தது.

“வரலை” என்றார்.

“அதைத்தான் நானும் சொல்றேன்” என்றாள் வீட்டுக்காரி. “அண்ணி, அந்தப் பெட்டியை உள்ள கொண்டு போய் வைங்க. டீச்சர் வந்தா தடுக்கி விழுந்து வைப்பாங்க.”

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வீட்டுக்காரி போய் ஹாலின் இரண்டு ஜன்னல்களையும் அகலத் திறந்து வைத்தாள்.